மாமனார் முடுக்கிய திருகாணி

என் மாமனாருக்கு ஆடுகிற பொருளைக் கண்டால் ஆகாது. நாற்காலி ஆடக்கூடாது, குக்கர் கைப்பிடி ஆடக்கூடாது, கதவுத் தாழ்ப்பாள் ஆடக்கூடாது. யாராவது மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் குளிக்கப் போனால், திரும்பி வருவதற்குள் அதன் காது இரண்டையும் முடுக்கி வைத்திருப்பார். பிறகு அதை விரிக்க ஓர் ஆள், பிடித்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும். மற்றவர்கள் சட்டைப் பையில் பேனா வைத்திருப்பார்கள். இவர் ஸ்க்ரூ டிரைவர் வைத்திருப்பார். சட்டையைத் துவைக்கப் போடுகிறவள் நான். வாஷிங் மெஷினுக்குள் அது கடகடவென்று உருளும் சத்தத்தை வாரத்துக்கு ஒருமுறையாவது கேட்டிருக்கிறேன்.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. பஸ் டிப்போவில் சக்கர நட்டு முடுக்கியே காலம் தள்ளியவர். காலையில் வண்டிகள் வெளியே போவதற்கு முன் ஒவ்வொரு சக்கரமாகச் சுற்றிவந்து சுத்தியலால் நட்டுகளைத் தட்டுவார். ணங்கென்று கேட்டால் வண்டி போகலாம். டொக்கென்று கேட்டால் வண்டி நகராது. டிரைவர் கத்துவார், மேனேஜர் வந்து கத்துவார், ஏறி உட்கார்ந்த ஜனம் ஜன்னல் வழியாகக் கத்தும். இவர் பாட்டுக்குக் குந்தி உட்கார்ந்து முடுக்கிக்கொண்டிருப்பார். அங்கே அவருக்கு 'டைட்' என்றே பெயர். ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்தார். வீட்டில் பஸ் இல்லை, நாங்கள்தான் இருந்தோம்.

இனி என் கதைக்கு வருகிறேன். நான் முன்பு ஒரு பெரிய ஆடை கம்பெனியில் எம்பிராய்டரி பிரிவில் இருந்தேன். அங்கே ஒரு சூப்பர்வைசர் இருந்தாள். பாத்ரூமுக்குப் போனால் கடிகாரத்தைப் பார்ப்பாள், வந்தால் மறுபடி பார்ப்பாள், நடுவில் என்ன செய்தாய் என்று மட்டும்தான் கேட்கமாட்டாள். ஒரு நாள் அவளிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு வெளியே வந்தேன். வந்த வேகத்தில் ஒரு பழைய எம்பிராய்டரி மெஷினை வாங்கி எங்கள் முன்னறையில் போட்டேன். அதோடு ஒட்டிக்கொண்டு ஒரு பழங்காலத்துக் கம்ப்யூட்டரும் வந்து சேர்ந்தது. விற்றவன் அதை வேனில் மூட்டை முடிச்சுக்கு அடியில் கிடத்திக் கொண்டுவந்தான். இறக்கும்போதே அந்தத் தகர டப்பா ஒரு பக்கம் கோணிக்கொண்டுதான் இருந்தது. ஓடுகிறதே, அது போதும் என்று விட்டுவிட்டேன்.

புதுக் கம்ப்யூட்டர் வாங்கவேண்டியதுதானே என்று என் வீட்டுக்காரர் நூறு தடவை கேட்டிருப்பார். அவருக்கென்ன, ஷிப்ட் வேலைக்குப் போய்விட்டு வந்து போர்த்திக்கொண்டு தூங்குகிறவர். இந்த எம்பிராய்டரி மெஷின், ஃப்ளாப்பி என்கிற அந்தக் காலத்துச் சதுரத் தட்டில் எழுதிக் கொடுத்தால்தான் தைக்கும். ஃப்ளாப்பி போடுகிற வாய் இப்போது எந்தக் கம்ப்யூட்டரில் இருக்கிறது? டிசைன் போடும் சாஃப்ட்வேரும் அந்தக் கிழத்தைத் தவிர வேறெதிலும் ஓடமாட்டேன் என்றது. ஆக அந்தக் கிழம் எழுந்தால்தான் எனக்குப் பிழைப்பு. அந்தக் கிழம் எழுவது ஓர் அட்டையின் கையில் இருந்தது. டிஸ்க் கன்ட்ரோலர் கார்டு என்பார்கள். உள்ளங்கை அகலப் பச்சை அட்டை. கீழ்விளிம்பில் பொன்னிறப் பல்வரிசை. கம்ப்யூட்டருக்குள் இருக்கும் ஒரு நீளமான பள்ளத்தில் அந்தப் பற்கள் பதிந்து உட்கார வேண்டும். ஹார்டு டிஸ்க்கானாலும் ஃப்ளாப்பியானாலும் இந்த அட்டை வழியாகத்தான் கம்ப்யூட்டரோடு பேச முடியும். அட்டை வாய்மூடினால் இரண்டும் ஊமை.

இந்த லட்சணத்தில்தான் ஓர் ஆஸ்பத்திரியிலிருந்து எனக்கு வேலை வந்தது. நர்சுகளின் கோட்டுகளில் அவரவர் பெயரைத் தைத்துத் தர வேண்டும். நர்சுகளுக்கெல்லாம் தலைவியான மேட்ரனே நேரில் வந்து கோட்டு மூட்டையை இறக்கினார். பார்வையிலேயே ஊசி போடுகிற அம்மாள்.

"சனிக்கிழமை சாயங்காலம் நானே வருவேன். எல்லாம் ரெடியா இருக்கணும். இருந்தா இனிமே எங்க வேலை எல்லாமே உனக்குத்தான். இல்லேன்னா நீ முன்னாடி இருந்த கம்பெனிக்கே கொடுத்துடுவேன்" என்றார்.

இது போனால் முன்னறையில் மெஷினை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? அதே கம்பெனிக்குப் போய், அதே சூப்பர்வைசர் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். அவள் கடிகாரத்தைப் பார்ப்பதை நான் மறுபடி பார்க்க வேண்டும். அதைவிட அந்த மெஷினிலேயே கையை விட்டுவிடலாம்.

மறுநாள் காலையில் கம்ப்யூட்டரைப் போட்டேன். கறுப்புத் திரையில் ஆங்கிலத்தில் ஒரே ஒரு வரி வந்தது. டிஸ்க் கன்ட்ரோலர் பழுது என்று அதற்கு அர்த்தம். அணைத்துப் போட்டேன், தட்டிப் போட்டேன், கெஞ்சியும் பார்த்தேன். அதே வரி.

மெக்கானிக்குக்குப் போன் போட்டேன். இந்தப் பகுதியில் பழைய கம்ப்யூட்டருக்கு அவன் ஒருத்தன்தான். எந்த நோய்க்கும் அவனிடம் ஒரே மருந்து, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பென்சில் எழுத்தை அழிக்கிற ரப்பர். அதனால் அவனுக்கு ரப்பர் தம்பி என்று நான் பெயர் வைத்திருந்தேன். ஒரு காதில் போனை இடுக்கிக்கொண்டு, வேறு யாரிடமோ பேசிக்கொண்டே வந்து, பேசிக்கொண்டே மூடியைத் திறந்து, அட்டையைப் பிடுங்கி, பொன்னிறப் பற்களை ரப்பரால் பரபரவென்று தேய்த்து, ஊதி, திரும்பச் செருகினான். சுவிட்சைப் போட்டான். கிழம் குர்ரென்று எழுந்து உட்கார்ந்தது.

"அழுக்குக்கா. வேற ஒண்ணுமில்ல" என்றான்.

"மூடியைப் போடலையா தம்பி?"

"காத்தாடட்டும்க்கா. நாளைக்குப் போட்டுக்கலாம்."

சோம்பேறித்தனத்துக்கு அவன் வைத்த பெயர் காற்றாட விடுவது. அட்டையைப் பின்பக்கச் சட்டத்தோடு பிடித்துவைக்க ஒரு திருகாணி உண்டு. அதையும் போடாமல் கம்பி நீட்டிவிட்டான்.

சாயங்காலம் நான் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுச் சமைக்கப் போனேன். மாமா முன்னறைக்கு வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். மூடி திறந்து கிடந்தது. உள்ளே ஓர் அட்டை திருகாணி இல்லாமல் நின்றது. பஸ்ஸை நாலு சக்கரமும் இல்லாமல் பார்த்திருந்தால்கூட அப்படி அதிர்ந்திருக்கமாட்டார்.

"இவன்லாம் ஒரு மெக்கானிக்கா! ஒரு ஸ்க்ரூ போடத் துப்பில்ல" என்று கரித்துக்கொட்டினார். தன் தகர டப்பாவிலிருந்து பொருத்தமான திருகாணியைத் தேடி எடுத்து, அட்டையை நறுக்கென்று முடுக்கி, மூடியையும் மாட்டி, மூடிக்கு உண்டான திருகாணிகளையும் ஒன்றுவிடாமல் போட்டு, ஒரு துணியால் துடைத்தும் வைத்தார். தூசி போகாமல் மூடிவைத்தாரே என்று எனக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. ஒரு கப் டீ போட்டுக் கொடுத்தேன்.

மறுநாள் காலையில் அதே கறுப்புத் திரை, அதே வரி.

ரப்பர் தம்பி போன் பேசிக்கொண்டே வந்தான். கழற்றினான், தேய்த்தான், செருகினான். எழுந்தது. திறந்து போட்டுவிட்டுப் போனான். சாயங்காலம் மாமா வந்தார், திட்டினார், முடுக்கினார், மூடினார். நான் டீ போட்டேன். காலையில் கறுப்புத் திரை.

அடுத்த நாள் அவன் பட்டை கேபிளை மாற்றினான். சிவப்புக் கோடு போட்ட ஓரம் முதல் ஊசிப் பக்கம் வர வேண்டுமாம், முன்பு எவனோ மடையன் தப்பாகப் போட்டிருக்கிறானாம். தலைகீழாகப் போட்டால் முதலிலேயே ஓடியிருக்காதே தம்பி என்றேன். அவன் போனில் ஹலோ ஹலோ என்றான். அதற்கடுத்த நாள் அட்டையிலிருந்த ஜம்பர் என்கிற ஒரு சின்னத் தொப்பியை இந்த ஊசியிலிருந்து பிடுங்கி அந்த ஊசியில் மாட்டினான். பிறகு அட்டையைப் பக்கத்துப் பள்ளத்துக்கு மாற்றினான். கடைசியில் அட்டையையே மாற்றி, செத்துப்போன வேறொரு கம்ப்யூட்டரிலிருந்து எடுத்துவந்த அட்டையைப் போட்டான். எதைச் செய்தாலும் அவன் கண்முன் ஓடியது. அவன் தலை மறைந்து ஓர் இரவு போனால் நின்றது.

"உங்க வீட்டுக் கரண்ட்ல கோளாறுக்கா" என்றான். பிறகு அறையில் ஈரம் என்றான். இன்னும் ஒரு நாள் போயிருந்தால் என் கைராசி சரியில்லை என்று சொல்லியிருப்பான், நானும் அவனை வறுத்தெடுத்திருப்பேன்.

மாமாவுக்கோ சந்தேகமே இல்லை. "அவன் வேணும்னேதான் பண்றான்மா. தினம் தினம் வர்றதுக்கு வழி பண்ணிட்டுப் போறான். பூட்டைத் திறந்துவிட்டுட்டு, திருடன் வந்துட்டான்னு அவனே கத்தறான்" என்றார்.

"மாமா, அவன் போகும்போது ஓடுதே."

"அதுதான் தொழில் ரகசியம். அவன் காதுல பூ சுத்தறான், நீயும் தலையை ஆட்டிட்டு நிக்கற."

எனக்கும் ஆத்திரம் தலைக்கேறியது. "யாரால இது நிக்குதுன்னு மட்டும் தெரியட்டும் மாமா. யாரா இருந்தாலும் சரி, இந்த வாசப்படியை மிதிக்க விடமாட்டேன்" என்று கத்தினேன்.

"அப்படிச் சொல்லு" என்று மாமா கைதட்டினார்.

வேலை எங்கே நடந்தது? அவன் வந்து ஓடவைப்பதற்குள் தினமும் பாதிப் பகல் போய்விடும். அரைகுறை நாளில் ஏதோ சில கோட்டு முடிந்தது. மீதி மூட்டை மூட்டையாகவே கிடந்தது. சனிக்கிழமையும் வந்தது. காலையில் வழக்கம்போல ரப்பர் தம்பி வந்து, தேய்த்து, ஓடவிட்டு, "இன்னிக்கு ஒரு நாள் தாங்கும்க்கா, வேற எடத்துல அவசரம்" என்று ஓடிவிட்டான். தைக்க வேண்டிய கோட்டுகளைப் பார்த்தேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர். ஒவ்வொரு பெயரையும் அடித்து ஃப்ளாப்பியில் எழுதி மெஷினுக்குக் கொடுக்க வேண்டும். கம்ப்யூட்டர் சாயங்காலம் வரை மூச்சு விட்டால்தான் நான் பிழைத்தேன். அடித்துக்கொண்டே போனேன்.

மாமா அறைக்குள் வந்தார். திறந்த மூடியைப் பார்த்தார். எனக்குத் தெரியும், அவரால் சாயங்காலம் வரை பொறுக்க முடியவில்லை. கையைப் பிசைந்துகொண்டு இரண்டு தடவை வெளியே போய்விட்டு வந்தார்.

"அந்த ஸ்க்ரூவை மட்டும் போட்டுடட்டுமாம்மா? உனக்கு ஒரு தொந்தரவும் இருக்காது."

நான் திரையில் ஒரு பெயரை எழுத்துக்கூட்டிக்கொண்டிருந்தேன். ம் என்றேன். ஃப்ளாப்பி கிர் கிர் என்று எழுதிக்கொண்டிருந்தது. மாமா டப்பாவின் பின்பக்கம் குனிந்து முடுக்க ஆரம்பித்தார். கிர் கிர் சட்டென்று நின்றது. திரை உறைந்துபோனது.

நான் திடுக்கிட்டு உள்ளே எட்டிப் பார்த்தேன். மாமா ஸ்க்ரூ டிரைவரை இன்னும் அரைச் சுற்று திருகினார். பின்பக்கம் அட்டை கீழே இறங்கியது, முன்பக்கம் மேலே எழும்பியது. சீசாப் பலகை மாதிரி. பொன்னிறப் பற்களில் பாதி பள்ளத்துக்கு வெளியே நின்று பளபளவென்று என்னைப் பார்த்துச் சிரித்தன.

"மாமா, கையை எடுக்காதீங்க. அப்படியே திருப்பிக் கழட்டுங்க."

"ஏம்மா?"

"கழட்டுங்கன்னு சொல்றேன்ல!"

கழற்றினார். அட்டையின் முன்பக்கம் மெல்லக் கீழே இறங்கியது. விரலால் அழுத்தினேன், நன்றாக உட்கார்ந்தது. அணைத்துப் போட்டேன். குர்ரென்று எழுந்தது. மறுபடி முடுக்கச் சொன்னேன். கிழம் செத்தது. கழற்றச் சொன்னேன். பிழைத்தது.

அட்டையில் ஒரு கோளாறும் இல்லை. ரப்பரும் வேண்டாம், கேபிளும் வேண்டாம், கரண்டிலும் குற்றமில்லை. டப்பாவின் பின்சட்டம் கோணிக் கிடந்தது. அட்டையின் வாலை அந்தக் கோணலோடு சேர்த்து முடுக்கினால் தலை தூக்கிக்கொள்கிறது. எந்த அட்டையைப் போட்டாலும், எந்தப் பள்ளத்தில் போட்டாலும் இதே கதைதான். சோம்பேறி முடுக்காமல் போனதால் பகலில் ஓடியிருக்கிறது. இந்தப் பொறுப்புள்ள மனிதர் முடுக்கி முடுக்கி ராத்திரிதோறும் அதன் கழுத்தை நெரித்திருக்கிறார். அதற்கு நான் வேறு தினமும் டீ போட்டுக் கொடுத்திருக்கிறேன்!

வாயில் என்னென்னவோ வசவு வந்து நின்றது. நிமிர்ந்து அவரைப் பார்த்தேன். மாமா ஸ்க்ரூ டிரைவரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அப்ப இத்தனை நாளா நான்தான் நிறுத்தினேனா? அந்தம்மா கோட்டு இறக்கின அன்னிக்கு ராத்திரியும் பின்னாடி ஒரு ஸ்க்ரூ ஆடுதேன்னு முடுக்கி வெச்சேனே!" என்றார். பிறகு, "நான் முடுக்கி ஒரு வண்டிகூட நின்னதில்லம்மா" என்றார்.

வந்த வசவையெல்லாம் விழுங்கிவிட்டேன். பாவமாக இருந்தது. சிரிப்பாகவும் இருந்தது. அழுவதற்கு நேரமில்லை. ஏனென்றால் இன்னொரு சிக்கல் வந்தது. இத்தனை நாளாகப் பிடுங்கிச் செருகிப் பிடுங்கிச் செருகி அந்தப் பள்ளமும் இளகிப் போயிருந்தது. எம்பிராய்டரி மெஷினை ஓட்டினால் தரை அதிர்கிறது, அட்டை மெதுவாக மேலே ஏறுகிறது. முடுக்கவும் முடியாது, விடவும் முடியாது.

"மாமா, இந்த ஸ்டூல்ல உக்காருங்க. விரலால இந்த ஓரத்தை அழுத்திப் பிடிச்சுக்கோங்க. அட்டை மேல இருக்கற வேற எதையும் தொடாதீங்க."

"எவ்வளவு நேரம்?"

"கோட்டு முடியறவரைக்கும்."

"நடுவுல பாத்ரூம் போகணும்னா?"

"சீக்கிரம் போயிட்டு வரணும்" என்றேன். அந்தக் குரல் எனக்கே எங்கேயோ கேட்ட குரலாக இருந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

அவர் உட்கார்ந்தார். கைக்குட்டையை விரலில் சுற்றிக்கொண்டு, டப்பாவுக்குள் கையை விட்டு, அட்டையை அழுத்திப் பிடித்தார். நான் பெயரை அடித்தேன், ஃப்ளாப்பி எழுதியது, மெஷின் தைத்தது. ஒரு கோட்டு, அடுத்த கோட்டு என்று மூட்டை இளைத்துக்கொண்டே வந்தது. கை மரத்தால் மறு கைக்கு மாற்றுவார், அதையும் என்னிடம் அனுமதி கேட்டுவிட்டுத்தான் மாற்றுவார்.

நடுவில் ரப்பர் தம்பி போன் பண்ணினான். என் கை நிறையக் கோட்டு இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டேன்.

"என்னக்கா, ஓடுதா?"

"ஓடுது தம்பி. என்ன கோளாறுன்னு தெரிஞ்சுபோச்சு. கார்டு ஸ்க்ரூவை முடுக்கினா முன்னாடி தூக்கிக்குது."

"நான் ஸ்க்ரூவே போடலையேக்கா."

"ஆமா."

"ஆனா தினமும் வந்து ஸ்க்ரூவைக் கழட்டினேனே. போன் பேசற கவனத்துல நான்தான் போட்டுட்டுப் போனேன்னு நெனச்சுட்டிருந்தேன். அப்ப அதைப் போட்டது யாரு?"

மாமா என்னைப் பார்த்தார். டிப்போ மேனேஜருக்கே மசியாத மனிதர், கண்ணாலேயே கெஞ்சினார். இந்தப் பயலை எத்தனை நாள் திருடன் என்றிருக்கிறார்! உண்மை தெரிந்தால் அவன் தெருவெல்லாம் சொல்லிச் சிரிப்பான். எனக்கும் சொல்லிவிடலாம் என்று நாக்கு துறுதுறுத்தது. கொஞ்சம் இழுத்து, அவரை நன்றாகத் தவிக்கவிட்டேன். அந்தச் சந்தோஷத்தை நான் விடுவதாக இல்லை.

"பேய் தம்பி. எங்க வீட்டுல ஒரு முடுக்குற பேய் இருக்கு" என்றேன்.

"விளையாடாதீங்கக்கா" என்றவன், சட்டென்று குரலை உயர்த்தினான். "நான் அப்பவே தெரிஞ்சுதான் ஸ்க்ரூவைப் போடாம விட்டேன். சில கார்டுக்கு முடுக்கக்கூடாதுக்கா. அனுபவம் வேணும் அதுக்கெல்லாம். பெரியவர்கிட்டயும் சொல்லி வைங்க."

மாமாவின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. வாயைத் திறந்தார். விரல் அசைந்து திரை ஒரு கணம் துடித்தது. "அழுத்துங்க!" என்று கத்தினேன். வாயை மூடிக்கொண்டு அழுத்தினார். நான் சிரித்த சிரிப்பில் ஒரு கோட்டின் காலரைக் கோணலாக மாட்டிவிட்டு, பிறகு எடுத்துச் சரிசெய்தேன்.

இன்னும் சில கோட்டுகள் மிச்சம் இருக்கும்போதே மேட்ரன் வந்துவிட்டார். வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டதுமே முடிந்த கோட்டுகளை அவசரமாக அடுக்கிவைத்தேன். உள்ளே வந்தவர் அடுக்கியிருந்த கோட்டுகளைப் புரட்டினார், ஒரு பெயரை நகத்தால் சுரண்டிப் பார்த்தார், நூல் எழும்பவில்லை. பிறகு அவர் பார்வை ஸ்டூலில் உட்கார்ந்து கம்ப்யூட்டர் வயிற்றுக்குள் கையை விட்டுக்கொண்டிருந்த பெரியவர் மேல் போனது.

"இவர் என்ன பண்றார்?"

என்ன சொல்வது? கம்ப்யூட்டரை ஒரு விரல் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று சொன்னால் இனிமேல் இந்த அம்மாள் இங்கே ஒரு கைக்குட்டையாவது தைக்கக் கொடுப்பாரா?

மாமாதான் பதில் சொன்னார். "நான் இங்க வேலை பாக்கறேம்மா. கையை எடுத்தா வேலை கெட்டுடும். எழுந்து நின்னு மரியாதை பண்ண முடியல, தப்பா நெனச்சுக்காதீங்க."

"இந்த வயசுல வேலையா? யாருகிட்ட?"

"இதோ நிக்கறாளே, இவகிட்டதான். இவதான் முதலாளி."

வீட்டுக்கு யார் வந்து கேட்டாலும், மருமகள் சும்மா வீட்டில் ஏதோ தைத்துக்கொண்டிருக்கிறாள் என்றுதான் அதுவரை சொல்லிவந்தவர். கேட்டுக் கேட்டு எனக்கும் பழகிப்போயிருந்தது. அது எனக்கு அத்தனை வலித்திருக்கிறது என்பதே அந்த நிமிடம்தான் எனக்குத் தெரிந்தது.

மேட்ரன் என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். "மிச்சத்தையும் முடிங்க. நான் இருந்து வாங்கிட்டே போறேன். திங்கக்கிழமை வார்டு பாய்ஸ் சட்டையெல்லாம் அனுப்பறேன்" என்றார்.

மாமாவுக்கு உற்சாகம் தாங்கவில்லை. பஸ் டிப்போக் கதையை ஆரம்பித்துவிட்டார். முன்னால் குனிந்து, இன்னொரு கையை ஆட்டி ஆட்டி, எந்த டிரைவர் எப்போது என்ன கத்தினான் என்று மேட்ரனுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். திரை லேசாகத் துடித்தது.

"மாமா, பேச்சு அப்புறம். அழுத்துங்க" என்றேன். அதட்டத்தான் நினைத்தேன், அதட்டல் பாதிதான் வெளியே வந்தது.

"சரி முதலாளி" என்று நேராக உட்கார்ந்தார்.

அடுத்த கோட்டை எடுத்து ஃப்ரேமில் மாட்டினேன். ஊசி எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அப்புறம்தான் மெஷினை ஓட்டினேன்.